உறங்காதவர்களின் அலைவரிசை

ஒரு நாளின் 24 மணி நேரத்துக்கும் ஒரே விலை இல்லை என்பதை வணிக வானொலி வெகு விரைவிலேயே கண்டுகொண்டது. காலையில் வேலைக்குச் செல்லும் நேரமும் மாலையில் வீடு திரும்பும் நேரமும் விளம்பரதாரர்களுக்குப் பொன்னான நேரங்கள். நள்ளிரவு முதல் விடியல் வரையிலான நேரமோ அவர்களுடைய கணக்கேட்டில் ஏறாத நேரம். சோப்பும் சிகரெட்டும் வாங்கக்கூடியவர்களில் பெரும்பாலோர் அப்போது உறங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே அந்த வேளையில் யார் பேசினாலும், எவருமே பேசாமல் நிலையம் மூடிக் கிடந்தாலும், முதலாளிக்குப் பெரிய இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் தோன்றிய பசிஃபிகா வானொலியின் வரலாற்றை இந்த விலையற்ற நேரத்திலிருந்து வாசிக்க முடியும். அரசியலும் மெய்யியலும் மாற்றுப் பண்பாடும் அங்கேதான் தமக்கென ஓர் இடத்தைக் கண்டடைந்தன. அந்த இடம் எவ்வாறு கிடைத்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள், பின்னர் அதே இடம் எவ்வாறு ஒரு வேலியாக மாறியது என்பவை இன்று இந்தியாவில் சமுதாய வானொலியைப் பற்றிப் பேசுவோரும் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

*

இந்த வரலாறு ஒரு போர் மறுப்பில் தொடங்குகிறது. லூயிஸ் ஹில் (1919–1957) இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். மனச்சான்றின் பேரில் போரிட மறுத்தவர்களுக்கென அமெரிக்காவில் அமைக்கப்பட்ட முகாம்களில் ஒன்றில், கலிபோர்னியாவின் மலைப்பகுதியில், சிறிது காலம் வேலை செய்தார். பின்னர் தலைநகர் வாஷிங்டனில் வானொலி அறிவிப்பாளரானார். பிறர் எழுதிக் கொடுத்ததை, அதில் தமக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்ற கேள்வியே இன்றி, கனிந்த குரலில் வாசிப்பதே அந்தத் தொழிலின் இலக்கணம். பேசுபவரின் குரலை அவருடைய மனத்திலிருந்து பிரித்தெடுத்து விற்பனைக்கு வைக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் ஹில் வணிக வானொலியின் அடிப்படை நோயாகக் கண்டார்.

1946இல் அவரும் அவருடைய நண்பர்களும் பசிஃபிகா அறக்கட்டளையை நிறுவினர். 1949 ஏப்ரல் 15 அன்று பெர்க்லி நகரில் கே.பி.எஃப்.ஏ. நிலையம் பண்பலையில் ஒலிக்கத் தொடங்கியது. அக்காலத்தில் பண்பலையைப் பிடிக்கக்கூடிய வானொலிப் பெட்டி வைத்திருந்த வீடுகள் மிகக் குறைவு. பெரிய நிறுவனங்களின் கண் அந்த அலைவரிசைகளின் மீது இன்னும் விழவில்லை. பிறர் வேண்டாம் என்று விட்ட நிலத்தில் குடிசை போடுவதைப் போலத்தான் பசிஃபிகா குடியேறியது. பின்னாளில் நள்ளிரவிலும் அதே கதை நிகழ்ந்தது.

விளம்பரம் இல்லை, அரசு மானியமும் இல்லை, நேயர்கள் தாமே விரும்பிச் செலுத்தும் சந்தாவே வருமானம். ஒலிபரப்பைக் கேட்கக்கூடியவர்களில் நூற்றுக்கு இருவர் ஆண்டுக்கு 10 டாலர் கொடுத்தால் போதும், ஒரு நிலையத்தை நடத்திவிடலாம் என்பது ஹில்லின் கணக்கு. பத்திரிகைச் சந்தாவுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சந்தா கட்டாதவருக்குப் பத்திரிகை வந்து சேராது. வானொலியோ கட்டியவர், கட்டாதவர் இருவர் காதிலும் ஒரே மாதிரி ஒலிக்கும். எனவே இங்கே சந்தா கட்டுபவர் தாம் கேட்பதற்காக மட்டும் கட்டவில்லை; முகமறியாத இன்னும் 49 பேர் கேட்பதற்காகவும் கட்டுகிறார். ஊர்க் கிணற்றைத் தூர்வாரக் காசு கொடுப்பவரின் மனநிலைக்கு இது நெருக்கமானது.

அந்தக் கணக்கு உடனே பலித்துவிடவில்லை. 1950 ஆகஸ்டில் பணமின்றி நிலையம் மௌனமானது. நேயர்கள் கூடி நிதி திரட்டிய பின், 1951இல்தான் மீண்டும் ஒலித்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் இயங்கிய முதியோர் கல்வி நிதியம் ஒன்றின் உதவியும் அவ்வாண்டு வந்து சேர்ந்தது. உள்பூசல்களாலும் நோயாலும் களைத்துப்போன ஹில், 1957இல் தம் 38ஆம் வயதில் தாமே தம் வாழ்வை முடித்துக்கொண்டார். அவர் வகுத்த முறை அவருக்குப் பின்னும் நின்றது.

*

இந்த நிலையத்தில் யார் பேசினார்கள் என்பதைப் பார்த்தால் அதன் போக்கு விளங்கும். கவிஞர் கென்னத் ரெக்ஸ்ராத் நூல்களை மதிப்பிட்டார். பின்னாளில் அமெரிக்காவின் புகழ்பெற்ற திரைப்பட விமர்சகராக அறியப்பட்ட பாலின் கேல் திரைப்படங்களைப் பற்றிப் பேசினார். 1954இல் கஞ்சா புகைக்கும் அனுபவத்தைப் பற்றிச் சிலர் மனம்திறந்து பேசிய நிகழ்ச்சி ஒலிபரப்பானபோது, மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அலுவலகம் ஒலிநாடாவையே பறிமுதல் செய்தது.

மெய்யியலுக்கு அந்த நிலையம் தேடித் தந்த குரல் ஆலன் வாட்ஸினுடையது. இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் சில ஆண்டுகள் ஆங்கிலிக்கத் திருச்சபையின் குருவாக இருந்து, அதைத் துறந்தவர் அவர். 1953 முதல் ஊதியமின்றி வாரந்தோறும் கே.பி.எஃப்.ஏ.வில் பேசினார். ஜென் பௌத்தம், தாவோ, வேதாந்தம் ஆகியவை அவருடைய பொருள்கள். வகுப்பறையில் பாடமாகவும் ஆலயத்தில் போதனையாகவும் மட்டுமே ஒலித்துவந்த மெய்யியல், இங்கே ஒரு நண்பர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து உரக்கச் சிந்திப்பதைப் போல ஒலித்தது. உபநிடதங்களின் கருத்துகளைத் தம் சமையலறையில் இருந்தபடியே முதன்முதலாகக் கேட்ட அமெரிக்கர்களில் பலருக்கு அந்தக் குரலே வாயிலாக இருந்தது. கீழைச் சிந்தனையை அவர் எளிமைப்படுத்திவிட்டார் என்ற குறை அறிஞரிடையே எழுந்தது. அது முற்றிலும் தவறென்று தள்ளிவிட முடியாது. ஆயினும் இடையில் விளம்பரம் குறுக்கிடாமல், முடிவு சொல்லியே தீர வேண்டும் என்ற நெருக்கடி இல்லாமல், ஒரு மனிதர் நீண்ட நேரம் யோசிப்பதை மக்கள் கேட்பார்கள் என்பதை அவருடைய ஒலிபரப்பு மெய்ப்பித்தது. 1973இல் அவர் மறைந்தார். அதன் பின்னரும் அவருடைய ஒலிநாடாக்கள் பசிஃபிகா நிலையங்களில் தொடர்ந்து ஒலித்தன.

*

1960இல் பசிஃபிகாவுக்கு எதிர்பாராத கொடை ஒன்று கிடைத்தது. லூயிஸ் ஷ்வைட்ஸர் என்ற தொழிலதிபர், நியூயார்க்கில் தமக்குச் சொந்தமான டபிள்யூ.பி.ஏ.ஐ. நிலையத்தை அப்படியே அறக்கட்டளைக்கு வழங்கினார். அமெரிக்காவின் மிகப் பெரிய நகரத்தில், அலைவரிசை வரிசையின் நடுவில், 99.5 மெகாஹெர்ட்ஸில், விளம்பரமற்ற நிலையம் ஒன்று அமைந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் அது சோதனைக்கு உள்ளானது. 1962இல் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் முன்னாள் அலுவலர் ஒருவர் அவ்வமைப்பின் உள்நடைமுறைகளைக் குறைகூறிப் பேசியதை நிலையம் ஒலிபரப்பியது. 1963 தொடக்கத்தில் செனட் சபையின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக்குழு பசிஃபிகா நிர்வாகிகளை அழைத்து விசாரித்தது. உரிமங்கள் புதுப்பிக்கப்படாமல் தொங்கின. 1964 ஜனவரியில் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் அவற்றைப் புதுப்பித்தது. சில நேயரைப் புண்படுத்தும் என்ற காரணத்துக்காகச் சர்ச்சைக்குரிய நிகழ்ச்சிகளைத் தடுத்தால் வானொலியில் சாரமற்றவை மட்டுமே எஞ்சும் என்ற நிலைப்பாட்டை ஆணையமே அப்போது எடுத்தது.

இந்தச் சூழலில்தான், 1963இல், பாப் ஃபாஸ் (1933–2021) அந்த நிலையத்தின் நள்ளிரவைக் கையில் எடுத்தார். புரூக்ளினில் பிறந்தவர், மேடை நடிகர், நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்தவர். சாமுவேல் பெக்கெட்டின் நாவல் ஒன்றின் தலைப்பிலிருந்து தம் நிகழ்ச்சிக்கு 'பெயரிட முடியாத வானொலி' என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினார். நள்ளிரவில் தொடங்கி விடியற்காலை வரை, வாரத்தில் ஐந்து இரவுகள். நிகழ்ச்சி நிரல் கிடையாது. ஒரு நாட்டுப்புறப் பாடல், அதன் மேல் அரசியல்வாதி ஒருவரின் உரை, இடையே கவிஞர் ஒருவரின் வருகை, பிறகு தொலைபேசியில் யாரோ ஒருவர். நேயரை அவர் 'சதிக்குழுவினரே' என்று விளித்தார். கேட்பவர்கள் ஒருவரையொருவர் அறியாவிட்டாலும் ஏதோ ஒன்றில் கூட்டாளிகள் என்ற உணர்வை அந்த ஒரு சொல் உண்டாக்கியது.

அந்த நேரத்தில் விழித்திருந்தவர்கள் யார்? வாடகைக் கார் ஓட்டுநர்கள், மருத்துவமனைச் செவிலியர், இரவுப் பணித் தொழிலாளர்கள், மாணவர்கள், இசைக் கலைஞர்கள், போருக்கு அழைக்கும் ஆணை எப்போது வருமோ என்ற அச்சத்தில் உறக்கம் தொலைத்த இளைஞர்கள். பகலில் ஒருவரையொருவர் கடந்து செல்லும் இவர்களுக்கு இரவில் பொதுவான ஒன்று இருந்தது: உறங்கவில்லை என்பது. விளம்பரக் கணக்கில் வராத இவர்களைக் கொண்டுதான் ஃபாஸ் தம் அவையைக் கூட்டினார்.

பாப் டிலன் அந்தக் கலையகத்துக்கு வந்து நேயரின் தொலைபேசி அழைப்புகளுக்கு நேரடியாக விடை சொன்னார். ஆர்லோ கத்ரியின் 18 நிமிடங்களைத் தாண்டும் போர் எதிர்ப்புக் கதைப்பாடல், இசைத்தட்டாக வெளிவருமுன்பே, 1967இல் இந்த நிகழ்ச்சியின் வழியாக நகரெங்கும் பரவியது. மூன்று நிமிடப் பாடல்களையும் நடுவே விளம்பரங்களையும் வரிசையாக அடுக்கிய பகல் நேர வானொலியில் அத்தனை நீளமான ஒன்றுக்கு இடம் இருந்திருக்காது. இரவுக்கு அவசரம் இல்லை. பல தொலைபேசி அழைப்புகளை ஒரே நேரத்தில் இணைத்து, அந்நியர்களை ஒருவரோடொருவர் பேசவிட்டு, தாம் ஒதுங்கியிருந்து கேட்பதையும் ஃபாஸ் ஒரு கலையாக வளர்த்தார். இணையம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பெருநகரம் தன்னோடு தானே பேசிக்கொள்வதற்கு அமைந்த முதல் திண்ணைகளுள் இது ஒன்று.

*

பேச்சு பேச்சோடு நிற்கவில்லை. 1967 பிப்ரவரியில் ஓர் இரவு, கென்னடி விமான நிலையத்தில் கூடுங்கள் என்று ஃபாஸ் நேயரை அழைத்தார். எதற்காக என்று கேட்டால் காரணம் ஒன்றுமில்லை, ஒருவரையொருவர் பார்ப்பதற்காக. கடுங்குளிரில் ஏறத்தாழ 3000 பேர் திரண்டனர். அதுவரை வெறும் குரல்களாக இருந்தவர்களுக்கு முகங்கள் கிடைத்தன. அதே ஆண்டு ஏப்ரலில், குப்பை மண்டிக் கிடந்த ஏழாம் தெருவைத் துடைப்பங்களோடு வந்து கூட்டலாம் என்று அழைப்பு விடுத்தார். அறிவிப்பைக் கேட்ட நகரத் துப்புரவுத் துறை முந்திக்கொண்டு அந்தத் தெருவைச் சுத்தம் செய்துவிட்டது. வந்தவர்கள் சலிக்காமல் வேறொரு தெருவுக்குச் சென்று கூட்டினார்கள். நள்ளிரவு வானொலியை அரசும் கேட்டுக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நகைப்பூட்டும் சான்று வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு நகைப்புக்கு இடமில்லாமல் போயிற்று. 1968 மார்ச் 22 நள்ளிரவில், ஆபி ஹாஃப்மன் உள்ளிட்ட 'யிப்பி' இயக்கத்தினர் வசந்தத்தை வரவேற்கும் கொண்டாட்டமாக நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கூட்டினர். ஃபாஸின் நிகழ்ச்சி அந்த அழைப்பைப் பரப்பிய முதன்மை வழிகளில் ஒன்று. கூட்டத்தில் சிலர் நிலையக் கடிகாரத்தின் மீது ஏறி அதன் முட்களை உடைத்தனர். காவல்துறை தடியடி நடத்தியது. செய்தி சேகரிக்க வந்திருந்த வார இதழ் நிருபர் ஒருவர் கண்ணாடிக் கதவில் தலை மோதும்படி தள்ளப்பட்டுக் காயமடைந்தார். விளையாட்டாகக் கூடிய ஒரு கூட்டம் இரத்தத்தோடு கலைந்தது. முகமறியாத ஆயிரக்கணக்கானோரை ஓர் இடத்துக்கு வரவழைக்கும் ஆற்றல் ஒரு குரலுக்கு இருக்குமானால், வந்தவர்களுக்கு நேர்வதில் அக்குரலுக்குப் பொறுப்பு உண்டா என்ற கேள்வி அந்த இரவுக்குப் பிறகு பசிஃபிகாவை விட்டு விலகவில்லை.

அதே பொறுப்பு வேறு வடிவில் 1971இல் வந்தது. அளவுக்கு மீறி மாத்திரைகளை விழுங்கிவிட்டதாகச் சொல்லி ஒருவர் ஃபாஸை அழைத்தார். ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, தொலைபேசி நிறுவனமும் காவல்துறையும் அழைப்பு வந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை, ஃபாஸ் அவரை உறங்கவிடாமல் பேசவைத்துக்கொண்டே இருந்தார். அவர் உயிர் பிழைத்தார். நிகழ்ச்சி நிரலோ விளம்பர இடைவேளையோ கொண்ட ஒரு நிலையத்தில் அந்த உரையாடலுக்கு அத்தனை நேரம் இருந்திருக்குமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. தன்னை நிறுவியவரை அவருடைய இருளிலிருந்து மீட்க இயலாத ஓர் அமைப்பு, 14 ஆண்டுகளுக்குப் பின் முன்பின் அறியாத ஒருவரை மீட்டது.

*

திறந்த ஒலிவாங்கியின் முன் எல்லோரும் நல்லதையே பேசுவார்கள் என்று எண்ணுவது பேதைமை. 1968 டிசம்பரில், எழுத்தாளர் ஜூலியஸ் லெஸ்டர் அதே நிலையத்தில் நடத்திய நிகழ்ச்சியில், கறுப்பின ஆசிரியர் ஒருவர் தம் மாணவர் எழுதிய கவிதை ஒன்றைப் படித்தார். அது யூதர்கள் மீதான வெறுப்பை வெளிப்படையாகப் பேசியது. நியூயார்க் பள்ளிகளின் கட்டுப்பாட்டைப் பற்றிய ஆசிரியர் வேலைநிறுத்தத்தால் கறுப்பினத்தவருக்கும் யூதர்களுக்கும் இடையே உறவு கசந்திருந்த நேரம் அது. ஆசிரியர் சங்கம் ஆணையத்திடம் முறையிட்டது. நிலையத்தின் வாயிலில் மறியல் நடந்தது. கறுப்பினக் குழந்தைகளின் மனத்தில் என்ன ஊறிக் கிடக்கிறது என்பதை நகரம் அறிய வேண்டும் என்பது லெஸ்டரின் வாதம். அந்தச் சொற்களைக் கேட்டு வதைமுகாம் நினைவுகளோடு விழித்திருந்தவர்களின் வேதனையும் உண்மையானது. ஆணையம் நிலையத்தைத் தண்டிக்கவில்லை. ஆனால் சந்தாவைத் திரும்பப் பெற்ற நேயரின் தீர்ப்பு ஆணையத்தின் தீர்ப்பைவிடக் கடுமையாக இருந்தது.

எதிர்ப்பு சொற்களோடும் நிற்கவில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் 1970இல் தொடங்கிய கே.பி.எஃப்.டி. என்ற பசிஃபிகா நிலையத்தின் ஒலிபரப்புக் கருவி, அதே ஆண்டில் இருமுறை குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பைச் சேர்ந்தவர்கள் அதன் பின்னணியில் இருந்தனர். நிலையத்தார் இருமுறையும் மீண்டும் கட்டினார்கள்.

உள்ளிருந்தும் ஆபத்து வந்தது. எல்லோருக்கும் உரிய நிலையம் யாருடைய முடிவின்படி நடப்பது? 1977இல் நிகழ்ச்சிகளை மாற்றியமைக்க முயன்ற நிர்வாகத்துக்கும் பணியாளருக்கும் மோதல் முற்றி, பணியாளர்கள் டபிள்யூ.பி.ஏ.ஐ. நிலையத்தை ஆக்கிரமித்தனர். பல வாரங்கள் ஒலிபரப்பே இல்லை. அந்த மோதலில் முன்நின்ற ஃபாஸ் 1982 வரை நிலையத்துக்குத் திரும்ப இயலவில்லை. எவரையும் பேச அனுமதித்த மனிதர், தாம் பேச இடமின்றி ஐந்து ஆண்டுகள் வெளியே நின்றார்.

*

ஆயினும் பசிஃபிகாவின் பெயரைச் சட்ட நூல்களில் நிலைநிறுத்திய நிகழ்ச்சி இரவில் நடக்கவில்லை, பட்டப்பகலில் நடந்தது. 1973 அக்டோபர் 30, பிற்பகல் இரண்டு மணி அளவில், டபிள்யூ.பி.ஏ.ஐ. நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லினின் தனியுரை ஒன்றை ஒலிபரப்பியது. வானொலியில் சொல்லக்கூடாத ஏழு சொற்களைப் பற்றிய உரை அது. சமூகம் மொழியை எவ்வாறு பயன்படுத்துகிறது என்று ஆராயும் நிகழ்ச்சியின் பகுதியாக, முன்னெச்சரிக்கை சொல்லிய பிறகே அது ஒலித்தது. காரில் மகனோடு சென்றுகொண்டிருந்த தந்தை ஒருவர் அதைக் கேட்டு முறையிட்டார். ஆணையம் நிலையத்தைக் கண்டித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

1978 ஜூலை 3 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. ஒலிபரப்பு வீட்டுக்குள் அழையாமல் நுழைவது, குழந்தைகளின் காதிலும் எளிதில் விழுவது. எனவே அச்சுக்கு உள்ள அதே அளவு சுதந்திரம் அதற்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். எந்த நேரத்தில் ஒலிபரப்பப்பட்டது என்பதும் முக்கியமான கூறாகக் கருதப்பட்டது. அந்தச் சிந்தனையிலிருந்துதான் பின்னாளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான 'பாதுகாப்பான நேரம்' என்ற விதி உருவாயிற்று.

வணிகர்கள் வேண்டாம் என்று விட்டதால் சுதந்திரமாக இருந்த இரவு, இப்போது சட்டம் ஒதுக்கித் தரும் இரவாக மாறியது. இரண்டும் ஒரே நேரம்தான், பொருள் வேறு. முன்பு அங்கே வந்தவர்கள் தாமே தேர்ந்தெடுத்து வந்தார்கள். இப்போது சில வகைப் பேச்சு அங்கே அனுப்பப்பட்டது. பகல் என்பது நாட்டின் பொது முற்றம் என்றும், இரவு என்பது கொல்லைப்புறம் என்றும் ஒரு பிரிவினை நிலைபெற்றது.

கொல்லைப்புறமும் நிலையாக இல்லை. 1986இல் பசிஃபிகாவின் லாஸ் ஏஞ்சலிஸ் நிலையமான கே.பி.எஃப்.கே., எய்ட்ஸ் காலத்து ஓரினக் காதலைப் பேசும் நாடகம் ஒன்றின் பகுதிகளை இரவு 10 மணிக்கு மேல் ஒலிபரப்பியது. மறு ஆண்டு ஆணையம் அதையும் கண்டித்து, நேரம் மட்டுமே காப்பாகாது என்று உணர்த்தியது. 10 மணி என்ற எல்லை நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் இழுபட்டு, 1995இல்தான் உறுதியானது. ஆலன் கின்ஸ்பெர்க்கின் 'ஓலம்' என்ற கவிதை ஆபாசமன்று என்று கலிபோர்னிய நீதிமன்றம் ஒன்று 1957இலேயே தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பின் 50ஆம் ஆண்டு நிறைவில், 2007இல், அந்தக் கவிதையை ஒலிபரப்ப எண்ணிய டபிள்யூ.பி.ஏ.ஐ. தயங்கி நின்றது. மீறல் ஒன்றுக்கு 3,25,000 டாலர் வரை அபராதம் விதிக்கப்படலாம். சந்தாவில் வாழும் நிலையம் அதைத் தாங்காது. கவிதை இணையத்தில் மட்டும் வெளியானது. தடை உத்தரவு எதுவும் பிறப்பிக்கப்படவில்லை. அபராதத்தைப் பற்றிய அச்சமே போதுமானதாக இருந்தது.

*

இந்தியாவில் இதே வரலாறு வேறு திசையிலிருந்து வந்தது. இங்கே வானொலி நெடுங்காலம் அரசின் தனியுடைமை. 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை குறித்த வழக்கில், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வாயில் திறந்தது. 2008 அக்டோபரில், இன்றைய தெலங்கானாவின் மாச்சனூர் கிராமத்தில், தலித் பெண்கள் நடத்தும் சங்கம் வானொலி ஒலிக்கத் தொடங்கியது.

சங்கம் வானொலியின் நேரம் மாலை 7 முதல் 9 மணி வரை. வயல் வேலை முடிந்து, அடுப்பு மூட்டி, உண்டு உறங்குமுன் கிடைக்கும் இரண்டு மணி நேரம் அது. நியூயார்க்கின் நள்ளிரவுக்கும் மாச்சனூரின் அந்திக்கும் இடையே தோற்றத்தில் ஒற்றுமை இல்லை. ஆனால் இரண்டையும் முடிவு செய்தது விளம்பரதாரரின் கடிகாரம் அன்று; கேட்பவரின் உழைப்பு நேரம். விதையையும் மண்ணையும் திருவிழாவையும் மருந்துச் செடியையும் பற்றி அப்பெண்கள் தங்கள் வட்டார வழக்கில் பேசுவதைக் கேட்டிருந்தால் ஹில் தம் கனவை அடையாளம் கண்டிருப்பார்: பேசுபவரின் குரலும் மனமும் அங்கே பிரியவில்லை.

அவர் அடையாளம் காண முடியாத ஒன்றும் உண்டு. 2006ஆம் ஆண்டின் கொள்கை சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் ஒலிபரப்புவதைத் தடுத்தது. அரசியல் தன்மை கொண்ட எதற்கும் அங்கே இடமில்லை என்றது. பின்னர் அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்புச் செய்ய மட்டும் இசைவு கிடைத்தது. விதையைப் பற்றிப் பேசலாம். விதைச் சட்டத்தை விவாதித்தால் அது அரசியலாகிவிடக்கூடும். அமெரிக்கச் சட்டம் சில பேச்சுகளை இரவுக்கு அனுப்பியது. இந்தியக் கொள்கை அவற்றுக்கு இரவையும் தரவில்லை. 24 மணி நேரத்தில் ஒரு மணி நேரமும் தரவில்லை.

*

டபிள்யூ.பி.ஏ.ஐ. இன்று கடனில் மூழ்கித் தத்தளிக்கும் நிலையம். 2019 அக்டோபரில் பசிஃபிகா நிர்வாகமே அதன் உள்ளூர் நிகழ்ச்சிகளை நிறுத்தியது; ஒரு மாதப் போராட்டத்துக்கும் வழக்குக்கும் பின்பே அவை மீண்டன. ஃபாஸின் நிகழ்ச்சி வாரம் ஓர் இரவாகச் சுருங்கியது. கடைசிப் பல ஆண்டுகள் அவர் ஊதியமின்றியே பேசினார். 2021 ஏப்ரலில், 87ஆம் வயதில் மறைந்தார். அவர் பல பதிற்றாண்டுகளாகச் சேமித்து வைத்த ஒலிநாடாக்களைக் கொலம்பியா பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவற்றுள் டிலனின் குரலும் இருக்கிறது. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான இரவு விழித்தோரின் குரல்களும் இருக்கின்றன. வரலாற்று ஆய்வாளருக்கு இரண்டாம் வகையே அரிய செல்வம். தலைவர்களின் உரைகள் எங்கும் கிடைக்கும். ஒரு சாதாரண மனிதர் விடியற்காலை மூன்று மணிக்குத் தம் நாட்டின் போரைப் பற்றி என்ன நினைத்தார் என்பது வேறெங்கும் பதிவாகவில்லை.

யாருக்கும் வேண்டாத நேரத்தில் கிடைக்கும் சுதந்திரம் எத்தகைய சுதந்திரம் என்ற கேள்விக்குப் பசிஃபிகாவின் வரலாறு இருவகை விடை தருகிறது. பிறர் கைவிட்ட நேரத்தையும் மக்கள் தங்களுக்குரிய பொதுவெளியாக ஆக்கிக்கொள்ள முடியும் என்பது முதல் விடை. அந்தப் பொதுவெளி பகலுக்குள் அடியெடுத்து வைத்த கணத்தில்தான் அதன் உரிமை சோதிக்கப்படுகிறது என்பது இரண்டாவது. ஊர் உறங்கும்போது எதையும் பேசலாம் என்று இசைவு தரும் அரசு உண்மையில் எதையும் விட்டுக்கொடுத்துவிடவில்லை. ஊர் விழித்திருக்கும்போது யார் பேசுகிறார்கள் என்பதில்தான் அதன் கவனம் இருக்கிறது. கென்னடி விமான நிலையத்தில் குளிரில் நடுங்கியபடி நின்ற அந்த 3000 பேர் அதை அறிந்தோ அறியாமலோ, இரவில் கேட்ட குரலைத் தேடிப் படுக்கையை விட்டு எழுந்து வந்தவர்கள்.